வேலியோரம் நின்று நாக்கைத் தட்டியவர்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதே வேலை, அதே முதலாளி, ஏறக்குறைய அதே சட்டை. அந்தக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறிப்போய் எதையாவது மறந்துவிட்டால் இவர் மிதித்துக் காப்பாற்றிவிடுவார். எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான். ஆனால் இவர் மிதித்தது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அதில்தான் இவருடைய கெட்டிக்காரத்தனம். 'எவ்வளவு அழகா நிறுத்திட்டேன்!' என்று அவர்கள் பூரித்துப்போவார்கள். இவர் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல உட்கார்ந்துகொண்டு, "சூப்பர், அப்படித்தான்" என்பார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இவர் ஓட்டக் கற்ற காலத்தில் சொல்லிக்கொடுத்த ஆள், சுருட்டிய செய்தித்தாளால் தலையில் அடித்து அடித்தே கற்றுக்கொடுத்தாராம். லைசென்ஸ் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் எப்படியோ தேறினாராம். "கத்துக்க வந்தவங்கள கூச வைக்கக் கூடாது" என்பது அன்றைக்கு இவர் எடுத்த முடிவு. தங்கமான மனுஷன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால் காரோடு நிற்காது. பஸ்ஸில் போனால் மிதிக்கும். என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்தால் மிதிக்கும். என் நாத்தனார் வாயைத் திறந்தால் மேசைக்கு அடியில் இவருடைய வலது கால் பிரேக்கைத் தேடும்.

எங்களுக்கு ஒரே மகள். இந்தக் கதை ஆரம்பித்தபோது அவளுக்கு எட்டு வயது. எதையும் நிதானமாகச் செய்கிற குழந்தை. நடந்தது தாமதம், பேசியது தாமதம், செருப்பு மாட்டுவது இன்றைக்கும் தாமதம். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும், பின்னால் வருகிறவர்கள் போகட்டும் என்று ஓரமாக வழிவிட்டு நின்றாளாம். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சோடாபுட்டிக்கும் குளிர்கண்ணாடிக்கும் சட்டம் பொருத்தித் தருவது என் வேலை. அங்கே அடிக்கடி உடைந்த கண்ணாடியோடு ஒரு பெண் வருவாள். முப்பதுகூட ஆகியிருக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான்: "குதிரை மிதிச்சிடுச்சுக்கா." முதலில் மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தவள், பிறகு காய்கறிக் கிடங்குக்குப் பின்னால் நிலம் பிடித்து, ஒரு லாயம் போட்டு, குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் புதிதாக ஒரு மட்டக்குதிரை வந்திருந்தது. சின்ன வயது, முதுகில் இதுவரை ஆளே ஏறாத குதிரை. மொச்சைக்கொட்டை நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்ததால் அதற்கு மொச்சை என்றே பெயர்.

"பெரியவங்க ஏறினா அதுக்கு முதுகு தாங்காது. கனமில்லாத புள்ளையா வேணும். அவசரப்படாத புள்ளையாவும் வேணும். அப்படி ஒண்ணு கிடைக்கறதா என்ன?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். ஞாயிறு மட்டும் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொள்ள முதலாளி விட்டிருந்தார். மகளும் மொச்சையும் ஒருவரையொருவர் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். லாயக்காரப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டும் புதுசு. வழக்கமா புதுக் குதிரைமேல புதுப் புள்ளைய ஏத்தவே மாட்டேன் சார். ஆனா இதுங்க ரெண்டுக்குமே அவசரம்னா என்னன்னு தெரியல. அந்த தைரியத்துலதான் சொல்றேன். ஒண்ணு சொல்லிடறேன், இங்க போட்டி கீட்டியெல்லாம் கிடையாது. யார் மொத, யார் கடைசின்னு பேச்சு வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இவர் தாராளமாகத் தலையாட்டினார்.

முதலில் பல வாரங்கள் ஏறவே விடவில்லை. தேய்த்துவிடுவதும் கூடவே நடப்பதும்தான். ஏறிய பிறகும் வெறும் நடை. ஒருநாள் வழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மொச்சை அதைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டது. மகள் இறங்கி, அந்தக் குட்டை ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு நேரம் முழுக்க அப்படியே இருந்தாள். கடைசியில் மொச்சை மெல்லக் குனிந்து தண்ணீரை முகர்ந்து, ஒரே ஒரு காலை வைத்து எடுத்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், "மொச்சை கால வெச்சிச்சும்மா! மொச்சை கால வெச்சிச்சு!" என்று ஒரே பாட்டு.

எனக்குப் பிடித்திருந்தது. இவருக்கோ ஒவ்வொரு ஞாயிறும் உயிர் போய் உயிர் வந்தது. வேலிக்கு வெளியே பெற்றோர்கள் நிற்கிற இடத்தில் ஒரு முட்டைக் கடைக்காரர் வருவார். அவர் பையன் ஒரு கிழக்குதிரைமேல் ஜம்மென்று துள்ளுநடையில் சுற்றி வருவான். துள்ளுநடை என்றால் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் குலுங்கிக் குலுங்கிப் போவது. "என்ன சார், உங்க பொண்ணு இன்னிக்கும் குட்டைக்குக் காவலா?" என்பார் அந்த மனுஷர். கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். இவர் ஹிஹி என்று சிரித்துவிட்டு வருவார். வீட்டில் வந்து தட்டை நங்கென்று வைப்பார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி பொருத்தி அனுப்புகிறவள் என்று பெயர் எனக்கு. வெட்கக்கேடு.

ஒரு ஞாயிறு, மொச்சை திடீரென்று துள்ளுநடை போட ஆரம்பித்தது. மகள் முகம் மலர்ந்துபோய், "அம்மா! அப்பா! நான் பண்ணேன்! நான் சொன்னேன், அது கேட்டுச்சு!" என்று கத்தினாள். அந்தக் குழந்தை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. லாயக்காரப் பெண்ணே புருவத்தை உயர்த்தினாள். அடுத்த வாரம் வட்டமாக ஒரு சுற்று. அதற்கடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டி அருகே வந்ததும் டக்கென்று நின்றது. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கைதூக்கிப் பதில் சொன்னாளாம். நானும் சும்மா இருக்கவில்லை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு குதிரை ஓட்டறா" என்று பீற்றிக்கொண்டேன். முட்டைக் கடைக்காரர்கூட, "பரவால்லையே!" என்றார்.

கொஞ்ச நாளில் வேறொரு மைதானத்தில், நாலைந்து லாயக்காரர்கள் சேர்ந்து குழந்தைகளை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்துவதாகப் பேச்சு வந்தது. தரையில் கழிகளைப் போட்டு அதற்கு நடுவே குதிரையை நடத்திக்கொண்டு வரவேண்டும். மார்க் போடுவார்கள். லாயக்காரப் பெண்ணுக்கு இஷ்டமே இல்லை. இவர்தான் விடவில்லை.

"அவதான் நல்லாப் பண்றாளேம்மா. நீயே பாத்தியே."

"பண்றா சார். அதான் புரியல எனக்கு. இவ்வளவு சீக்கிரம்..." என்று இழுத்தாள். பிறகு, "சரி, நடை மட்டும்தான். வந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அன்றைக்கு மைதானத்தில் ஏகப்பட்ட கூட்டம். ஒலிபெருக்கி, பலூன், குடைகள். முட்டைக் கடைக்காரர் பையன் முடித்துவிட்டுக் கைதட்டலோடு வெளியே வந்தான். எங்கள் மகள் உள்ளே போனாள். நுழைந்த இடத்திலேயே மொச்சை நின்றுவிட்டது. ஓரமாக ஒரு தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்து மிரண்டிருக்க வேண்டும். மகள் பதறவில்லை. கடிவாளத்தைப் பிடித்தபடி, குனிந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் பாட்டுக்கு இருந்தாள், அதுவும் மெல்ல அடங்கிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் யாரோ, "என்னாச்சு, தூங்கிடுச்சா?" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

அப்போது என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. 'டொக்' என்று நாக்கைத் தட்டுகிற சத்தம். உடனே இன்னொன்று, இன்னும் பலமாக.

மொச்சை முன்னங்காலைத் தூக்கியது. மகள் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தாள். மூன்றாவது டொக். பாய்ந்துவிட்டது. கழிகளையெல்லாம் இடறிக்கொண்டு ஓட, என் குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்து, கையை ஊன்றியபடி விழுந்தாள். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. மொச்சை கொஞ்ச தூரம் போய், உடம்பெல்லாம் நடுங்க நின்றுகொண்டிருந்தது. இவர்தான் வேலியைத் தாண்டிக் குதித்து அவளைத் தூக்கினார். அந்தச் சத்தத்தைப் பற்றி எனக்கு அப்போது நினைப்பே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எலும்பு சேர்ந்துவிடும் என்றார்கள். மகள் ரொம்ப அழவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள், "அம்மா, நான் சொன்னாக் கேக்கும்னுதானே நெனச்சேன். நில்லுன்னு சொன்னேன். ஏன் கேக்கல?"

"குதிரைதானே கண்ணு. மிரண்டுபோச்சு."

"இல்லம்மா. நான்தான் எதையோ தப்பாப் பண்ணிட்டேன். எல்லாரும் ஒழுங்காப் பண்ணாங்க. நான் மட்டும்தான்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இனிமேல் லாயத்துக்குப் போகவேண்டாம் என்றாள்.

லாயத்திலும் நிலைமை மோசம். புள்ளையைத் தள்ளிய குதிரை என்று பெயர் கிடைத்தால் அந்த லாயத்துக்கு யார் குழந்தையை அனுப்புவார்கள்? பூங்காவில் காலையிலிருந்து இருட்டும்வரை ஆட்களை ஏற்றிச் சவாரி விடுகிற ஒருவர் மொச்சையை விலைக்குக் கேட்டிருக்கிறார். ஞாயிறு வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. லாயக்காரப் பெண் போனில் சொல்லும்போது குரல் உடைந்தது. "நம்பிக்கையே போச்சுக்கா. கையில பழகின குதிரை, சொல்லு மீறிப் பாயுதுன்னா, நான் என்ன பண்ணுவேன்?"

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளுக்குத் தலை வாரிவிட்டார், ஊட்டிவிட்டார், புத்தகப்பையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் அவள் மாவுக்கட்டில் படம் வரைந்திருந்தார்கள். "அப்பா, நீயும் ஒண்ணு வரை. மொச்சை வேணாம். வேற எதாவது" என்று பேனாவை நீட்டினாள். இவர் வாங்கி மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு பேனாவை அவள் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. விழுந்தது குழந்தை. இவர் எதற்கு இப்படி எட்டூரு இழவும் தன் வீட்டில் விழுந்த மாதிரி அலைகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி எனக்குப் போன் செய்தார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கார் ஒரு சுவரில் போய் மோதியிருக்கிறது. ஓட்டியது வங்கியில் வேலை செய்கிற ஒரு அம்மா. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இவ்வளவு வருஷத்துல ஒரு கீறல் கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரர் காலை மடக்கி சீட்டுமேல வெச்சுட்டு உக்காந்திருந்தாராம். அந்தம்மா சொல்றாங்க. என்னாச்சு அவருக்கு?"

கொஞ்ச நேரத்தில் இவரே நெற்றி வீங்கக் கடைக்கு வந்து நின்றார். பின்னறைக்கு, லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"ஏங்க, காலைத் தூக்கி மேல வெச்சுக்கிட்டு உக்காந்தீங்களாமே. உங்களுக்குப் பைத்தியமா?"

"மிதிக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். "இனிமே எதையும் மிதிக்கக் கூடாதுன்னு."

அப்புறம் எல்லாம் வந்தது. லாயக்காரப் பெண் மொச்சையைக் கயிற்றில் கட்டிப் பழக்கும்போது நாக்கைத் தட்டினால் துள்ளுநடை, மெல்ல விசிலடித்தால் நிற்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இவர் அதைக் கவனித்திருக்கிறார். முட்டைக் கடைக்காரர் எதையோ சொன்ன ஒரு நாள், வேலியோரம் நின்று மெல்ல ஒரு டொக். மொச்சை கிளம்பிவிட்டது. மகள் 'நான் பண்ணேன்' என்று கத்தினாள். "அந்த முகத்தை நீயும் பாத்தியே" என்றார். "அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல. அந்த சுத்து, தொட்டிகிட்ட நின்னது, எல்லாமே நான்தான். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மெஷினே அதிர்ந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். முன்னறையில் ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார், கேட்டிருந்தால் கேட்கட்டும். "அவ பாட்டுக்குக் குட்டை ஓரமா உக்காந்திருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? அந்த முட்டைக்காரர் சிரிச்சா நம்ம வீட்டு அடுப்பு அணைஞ்சிடுமா? கையை ஒடிச்சிட்டீங்களே, பாவி மனுஷா! இப்ப அந்த வாயில்லா ஜீவன்மேல பழி!"

நான் மூச்சு வாங்கிய பிறகு இவர் சொன்னார், "குதிரை மேல தப்பில்லன்னு சொல்லணும். சொல்லிடலாம். ஆனா பாப்பாகிட்ட அதைச் சொன்னா, இதுவரைக்கும் நீ ஓட்டினது எதுவுமே நீ ஓட்டலன்னும் சேத்துச் சொல்லணுமே. அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் எப்படி நான் பிடுங்குவேன்?"

அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது. சொல்லாவிட்டால் மொச்சை போய்விடும். குழந்தை தன்னால்தான் எல்லாம் என்று காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். சொன்னால், கைதூக்கிப் பதில் சொன்ன அந்தப் பெண் திரும்பவும் ஓரமாக வழிவிட்டு நிற்கப் போய்விடுவாள்.

"அன்னிக்கு மட்டும் தட்டினேன்னு சொல்லிடட்டுமா?" என்றார். "மத்ததெல்லாம் அவளோடதாவே இருக்கட்டுமே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றே பட்டது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். அவள் மறுபடி ஏறுவாள், போ என்பாள். மொச்சை சிலை மாதிரி நிற்கும். அன்றைக்கு அவள் யாரைக் குற்றம் சொல்வாள்? தன்னைத்தான். "வேணாங்க. முழுசாச் சொல்லுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போகும்போது, மாவுக்கட்டு நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். குளியலறை வாசலில் அவள் முன்னால் மண்டி போட்டபடி ஆரம்பித்தார். நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, அன்னிக்கு மொச்சை தானா ஓடல. நான்தான் ஓட வெச்சேன்."

"நீ வெளியதானே நின்ன?"

இவர் நாக்கைத் தட்டிக் காட்டினார். மகள் ஆடாமல் அசையாமல் அவர் வாயையே பார்த்தாள்.

"அந்தச் சத்தம் எப்பவும் கேக்குமே" என்றாள்.

"ஆமா."

"மொத தடவ துள்ளிப் போச்சே, அப்பவுமா?"

"அப்பவும்."

"சுத்தி வந்தோமே?"

"அதுவும்தான்மா."

"தொட்டிகிட்ட நின்னது?"

"விசிலடிச்சேன்."

அப்புறம் கேட்டாள், "அப்போ, நான் சும்மா உக்காந்துட்டு இருந்தேனா?"

இவர் தலை கவிழ்ந்துவிட்டது. அவளே இன்னொரு கையால் ரப்பர்பேண்டைக் கழற்றி, பையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "நான் குளிக்கல" என்று அறைக்குள் போய்விட்டாள்.

அழவில்லை, கத்தவில்லை. அன்றைக்கு முழுக்க அப்பாவை நீங்க, வாங்க என்று பேசினாள். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய குழந்தை. "தண்ணி எடுத்துத் தரீங்களா?" என்று கேட்டாள். இவர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. போய்ச் சமாதானம் சொல்லலாம் என்று தோன்றியது, ஆனால் நான் போகவில்லை. அன்றைக்கு அவர் கொஞ்சம் அழட்டும் என்றே இருந்துவிட்டேன்.

சாயங்காலம் மகள் வெளியே வந்து, "மொச்சைய யாரும் கூட்டிட்டுப் போகக் கூடாது. அதுமேல தப்பில்ல. போய்ச் சொல்லணும்" என்றாள். இவர் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டார்.

லாயக்காரப் பெண் முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த வாளியைத் தூக்கி எறிந்தாள். அது உருண்டு இவர் காலடியில் வந்து நின்றது. "ஏன் சார், உங்க கார்ல ரெண்டு பிரேக் இருக்கலாம். குதிரைக்குக் கடிவாளம் மாட்ட இருக்கறது ஒரே வாய். உள்ள ஒருத்தர் இழுக்க, வெளிய ஒருத்தர் விரட்ட, அது யார் பேச்சத்தான் கேக்கும்? போன மாசத்துலேர்ந்து அது காது வேலிப்பக்கமே திரும்பிட்டு இருந்துச்சு. நானும் பாத்தேன். பாத்துட்டும் சும்மா இருந்தேன், நல்லாப் போகுதேன்னு. என்னையும்தான் செருப்பால அடிக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பூங்காக்காரருக்கு அங்கேயே போன் போட்டு, வரவேண்டாம் என்றாள்.

பிறகு மகள் பக்கம் குனிந்து, "ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். சேணம்கூட இல்லாம, சும்மா கூட நடக்கறதுலேர்ந்து. சரியா?" என்றாள்.

மகள் சரி என்று தலையாட்டினாள். பிறகு இவர் பக்கம் திரும்பாமலே, "அப்பா வெளிய கார்ல இருக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு லாயத்து கேட்டுக்கு வெளியேதான் இடம். காய்கறிக் கிடங்கு நிழலில், ரிப்பேராகி வந்த அதே ஸ்கூல் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும் உள்ளே போவேன். மாவுக்கட்டு பிரிந்தது, மழை வந்து போனது. சில வாரங்களில், செருப்பைக் காணோம் என்று தேடிய அவசரத்தில், அப்பாவைக் கூப்பிடுகிற 'நீ' தானாகத் திரும்பி வந்தது. மொச்சையோடு ஆரம்பத்தில் நிலைமை பரிதாபமாக இருந்தது. போ என்றால் அது நின்று வேலியைப் பார்க்கும். அங்கே யாரும் இல்லை என்று புரிய அதற்கும் நாளாயிற்று. மகள் காத்திருந்தாள். நாளும் நேரமும் பார்க்காமல் காத்திருந்தாள். நடை என்றால் நடை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இப்போது கைதூக்குகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

போன ஞாயிறு, ஒரு திருப்பத்தில் மகள் காலால் லேசாகத் தொட்டாள். மொச்சை இரண்டு காதையும் அவள் பக்கம் பின்னால் திருப்பியது. பிறகு குலுங்கிக் குலுங்கி ஐந்தாறு அடி போயிற்று. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. மகள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள், மொச்சை உடனே நடைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் வேலியில் ஒருவரும் இல்லை. நான்கூடக் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

மகள் இந்தத் தடவை கத்தவில்லை. குனிந்து மொச்சையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இறங்கிய பிறகு, "அப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா" என்றாள். "சொன்னா, அடுத்தது என்னன்னு கேப்பாரு."

காரில் ஏறினோம். இவர், "இன்னிக்கு எப்படி?" என்று என்னைக் கேட்டார். "நடந்தாங்க" என்றேன். பொய்தான். வேறு என்ன சொல்வது? "சரி" என்று வண்டியை எடுத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கிடங்கைத் தாண்டினோம், பாலத்தைத் தாண்டினோம், அப்போதும் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்:

"அப்பா, மொச்சை இன்னிக்குத் துள்ளிச்சு. கொஞ்சம்தான்."

இவருக்கு அடுத்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரியாதா? விழுங்கிக்கொண்டார். "அப்படியா" என்றார். கனைத்துவிட்டு இன்னொரு தடவை, "அப்படியாம்மா" என்றார். பிறகு ரொம்பத் தயங்கி, "நான் ஒருநாள் வந்து தூரமா நின்னு பாக்கட்டுமா? வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

மகள் உடனே பதில் சொல்லவில்லை. அவள் எப்போது உடனே பதில் சொல்லியிருக்கிறாள்?

"இன்னும் வேணாம்ப்பா" என்றாள். கோபமே இல்லாமல், அவருக்குப் புரியவேண்டுமே என்று மெதுவாகச் சொன்னாள். "நீ நின்னா நான் மொச்சையப் பாக்க மாட்டேன். உன்னத்தான் பாப்பேன்."

இவர் சரி என்று தலையாட்டினார். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்து, திட்டியும் முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.